யாருடைய பொறுமை?

"அவன் அப்பாவும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான். இப்போது என்ன குறைந்து போயிற்று?" என்னும் பேச்சு எழாத வீடு நம்மிடையே அபூர்வம். சொல்பவர் பெரும்பாலும் பாட்டி. அதில் பொய்யுமில்லை, கெட்ட எண்ணமுமில்லை. ஆயினும் அந்தச் சொல் பிறந்ததும் ஒருத்தியின் வாய் அடைபட்டுப் போவதை நான் பல வீடுகளில் கண்டதுண்டு. கூப்பிட்டால் பிள்ளை திரும்புவதில்லை, முகம் பார்த்துச் சிரிப்பதில்லை என்று முதலில் அறிகிறவள் தாய்தான். சொன்னாலோ, "பெற்ற பிள்ளையைக் குறை சொல்கிறாயே" என்ற பழி வந்து சேரும். போதாக்குறைக்கு, கருவுற்றிருந்தபோது அவள் தின்றதும் திரிந்ததும் விசாரணைக்கு வந்துவிடும்.

குழந்தையின் வளர்ச்சியைக் கணக்கிட நம் முன்னோர் அஞ்சவில்லை. பிள்ளைத்தமிழ் என்று ஓர் இலக்கிய வகையையே அந்தக் கணக்கின் மேல் கட்டினார்கள். கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை 5ஆம் மாதம். உட்கார்ந்து கைகொட்டும் சப்பாணி 9ஆம் மாதம். தளர்நடையிட்டு வரும் வருகை ஓராண்டை ஒட்டி. மாதக் கணக்கில் நூலுக்கு நூல் சிறிது மாறும். மாறட்டுமே, குழந்தைக்குக் குழந்தையும்தான் மாறுகிறது! இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட கணக்கில், துணையின்றி நடக்கத் தொடங்கும் பருவம் 8 மாதத்திலிருந்து 17½ மாதம்வரை நீள்கிறது. நூற்றுக்கு நாலு குழந்தைகள் தவழவே இல்லை. ஆகவே எதிர்வீட்டுக் குழந்தையோடு போட்டி வைப்பது வீண்வேலை. வாசல் அகலமானதுதான்; ஆனாலும் இரண்டு பக்கமும் நிலை உண்டல்லவா?

காதையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறவியிலேயே செவி கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் மற்றக் குழந்தைகளைப் போலவே 'ங்கா' என்று குரல் கொடுக்கும். கேட்டு வீடே மகிழும். அதனால்தான் 1 மாதத்துக்குள் செவியைச் சோதித்து, 3 மாதத்துக்குள் குறையை உறுதி செய்து, 6 மாதத்துக்குள் உதவியைத் தொடங்க வேண்டுமென்கிறார்கள் மருத்துவர்கள். மொழியைப் பற்றிக்கொள்ள மூளைக்கு முதல் சில ஆண்டுகளில் இருக்கும் வேகம் பிறகு இருப்பதில்லை. அந்த ஆண்டுகள் குழந்தையின் சொத்து. அதை எடுத்து நம் மன நிம்மதிக்குச் செலவழிக்க நமக்கு என்ன உரிமை?

"குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசவில்லையே!" என்று நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். மீனாட்சியம்மைக்குப் பிள்ளைத்தமிழ் பாடியவரே பேச்சில் பிந்தியவர் என்பது வழிவழியாக வரும் செய்திதான். ஆனால் பெற்றோர் ஸ்ரீவைகுண்டத்திலேயே காத்து உட்கார்ந்திருந்ததாக அந்தச் செய்தி சொல்லவில்லையே! பிள்ளையை எடுத்துக்கொண்டு திருச்செந்தூருக்குப் போய், சந்நிதியில் ஊரறியக் கேட்டார்கள். கேட்பதை அவர்கள் மானக்கேடாக நினைக்கவில்லை.

போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. எத்தனை பயிற்சி தந்தாலும் சில குழந்தைகள் பேசுவதில்லை. படத்தைத் தொட்டோ சைகை காட்டியோ தண்ணீர் கேட்கக் கற்றுக்கொள்கிறார்கள். அதுவும் முன்கூட்டியே கற்றால், தாகத்தோடு அழும் நாட்கள் குறையும். 2013இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின்படி, மாவட்ட மருத்துவமனைகளில் இதற்கென்றே தனி மையங்கள் அமைத்திருக்கிறார்கள். அங்கே மருமகளைத் தனியே அனுப்பாமல் பாட்டியும் கூடப் போகலாம். குடும்பத்தில் யார் எந்த வயதில் பேசினார்கள் என்று மருத்துவர் கேட்பார். அந்தக் கணக்கு பாட்டியிடம்தானே இருக்கிறது!