பிறவாத பிள்ளையும் வரவிருக்கும் பிள்ளையும்

கருவிலே அழிந்த உயிரை மனிதராக எண்ணுவதா என்னும் வினா தமிழர்க்குப் புதியதன்று. இறந்து பிறந்த குழவியையும் உருப்பெறாத தசைப் பிண்டத்தையும் கூடப் புறக்கணியாது வாளாற் கீறும் பழைய வழக்கத்தைச் சேரமான் கணைக்கால் இரும்பொறையின் பெயரால் வழங்கும் புறநானூற்று 74ஆம் பாடல் சுட்டுகிறது. ஆயினும் அங்கே காக்கப்பட்டது மறக்குடியின் மானம். பெற்றவளின் துயரைப் பற்றி அப்பாடலில் ஒரு சொல்லும் இல்லை.

இன்று ஹற்றன், நுவரெலியா மலைகளிற் கொழுந்தெடுக்கும் பெண்ணின் பேறு 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தால் அளக்கப்படுகிறது. உயிருடன் பிறக்கும் பிள்ளைக்கு 12 வாரங்கள். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் எத்தனையாவது பிள்ளையாயினும் அவ்வளவே. பிள்ளை இறந்து பிறப்பின் 6 வாரங்கள். ஆனால் 28 வாரங்கள் நிறையுமுன் கரு சிதைந்தால் அது பிரசவம் என்னும் வரைவிலக்கணத்துள்ளேயே அடங்குவதில்லை. மூன்றாம் மாதத்திற் கருவிழந்தவள் சட்டத்தின் கண்ணிற் பெற்றவளுமல்லள், இழந்தவளுமல்லள். அவள் பெரட்டுக்குச் செல்லவேண்டியவள். நிறை குறைந்தால் அரைப்பேரே அவளுக்குக் கிடைக்கும்.

லயத்திலோ அவள் குற்றவாளி. கூடை சுமந்தாள், மழையில் நனைந்தாள், மலையில் வழுக்கினாள் எனக் காரணங்கள் அடுக்கப்படும். முதல் மூன்று மாதங்களில் நிகழும் சிதைவுகளில் ஏறத்தாழப் பாதி, கருவின் நிறமூர்த்தக் கோளாற்றால் நிகழ்பவை என்கிறது மருத்துவம். அவற்றை எந்த ஓய்வும் தடுத்திராது. இவ்வுண்மை தோட்ட நிருவாகத்துக்கு வசதியான சாட்டாகிவிடவும் கூடாது. குருதிச்சோகையும் கடும் உழைப்பும் கருவுற்றவளுக்குக் கேடு என்பதும் அதே மருத்துவம் சொல்வதே.

மீண்டும் எப்போது கருத்தரிப்பது? உடனே என்பாள் மாமி. பொறுத்திரு என்பார் மருத்துவிச்சி. 2005இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, சிதைவின் பின் குறைந்தது ஆறு மாதங்கள் காத்திருக்கும்படி பரிந்துரைத்தது. பின்னர் 2010இல் ஸ்கொத்லாந்திலும் 2022இல் நோர்வேயிலும் வெளியான ஆய்வுகள், ஆறு மாதங்களுக்குள் கருத்தரித்தோர்க்கு மிகையான கேடு எதனையும் காணவில்லை. ஆகவே, உடல் தேறிய பெண்ணுக்கு நாட்காட்டி மட்டும் விடை கூறாது. அவளது மனமே விடை கூறவேண்டும். அந்த மனத்தைக் கேட்பார் யார்? நாட்கூலி இழக்காமல் ஒரு கிழமையேனும் படுத்திருக்க முடியாதவளிடம், "உன் விருப்பம்" என்று கூறுவது அரைகுறையான மரியாதை.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. அடுத்த பிள்ளை பிறந்தால், "போனதே திரும்பி வந்துவிட்டது" என்பர் மூத்தோர். மனிதரை வேறொன்றுக்குக் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்ற கான்ற் இதனை ஏற்றிருப்பாரா? ஒருவரின் வெற்றிடத்தை நிரப்பவே பிறந்ததாகக் கருதப்படும் பிள்ளை, தனக்குரியதல்லாத பாரத்தோடு தொட்டிலில் இடப்படுகிறது. எனினும் அக்கூற்றைச் சொல்லும் பாட்டியைத் தத்துவங்காட்டிக் கண்டிப்பது சிறுமையாகும். துயருற்றவளுக்குக் கொடுக்க அவளிடம் இருப்பது அவ்வொரு சொல்லே. பிழை, அதனைச் சொல்லியதோடு பழைய இழப்பைப் பேசாப்பொருளாக்கிவிடுவதில் இருக்கிறது. பெயரிடப்படாத அவ்வுயிருக்குச் சடங்கில்லை, திவசமில்லை. மறுபடி பிள்ளை வேண்டுவது முன்னதை மறப்பதாகுமோ என்று அஞ்சுபவள், அவ்வச்சத்தை யாரிடமும் சொல்லாமலே கொழுந்தெடுக்கிறாள். ஏக்கம் வரவிருப்பதன் மேலது, துயரம் போனதன் மேலது. இரண்டும் ஒரு நெஞ்சில் இருப்பதில் முரண் ஏதுமில்லை.

ஓரிடத்தில் மட்டும் அவ்வுயிர் கணக்கில் நிற்கிறது. சிகிச்சை நிலையத்தில் நிரப்பப்படும் கர்ப்பிணிப் பதிவேடு, எத்தனை முறை கருவுற்றாள் என்பதை வேறாகவும், உயிருடன் உள்ள பிள்ளைகள் எத்தனை என்பதை வேறாகவும் கேட்கிறது. மீண்டும் கருவுற்றவளுக்கு முதற்கட்டத்தில் இரண்டு என்று எழுதப்படும். லயத்தில் அவளைத் தலைப்பிரசவக்காரி என்றே சொல்வர்.