யார் மெழுகிய தரை?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகும் வழியில், முட்டுக்காட்டில் இருக்கிறது தட்சிணசித்ரா. 1996இல் திறக்கப்பட்ட திறந்தவெளி அருங்காட்சியகம் இது. தென்னிந்தியாவின் பல ஊர்களில் இடிபடக் காத்திருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, தூண்களையும் கதவுகளையும் உத்தரங்களையும் பிரித்தெடுத்து வந்து, இங்கே மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடு, அக்ரகார வீடு, காஞ்சிபுரம் நெசவாளர் வீடு, குயவர் வீடு, கோட்டயத்தை அடுத்த புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவ வீடு என்று வரிசை நீள்கிறது. ஊர்ப்புறக் கட்டடங்களை இப்படிப் பெயர்த்து வந்து காக்கும் வழக்கத்துக்குப் பெரிய முன்னோடி, 1891இல் ஸ்டாக்ஹோமில் ஆர்தர் ஹசேலியஸ் தொடங்கிய ஸ்கான்சென்.

இத்தகைய இடங்களுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தோடுதான் திரும்புகிறார்கள்: “அந்தக் காலத்து வீடு மாதிரி வருமா!” முற்றத்தில் விழும் வெயில், வழவழப்பான தேக்குத் தூண், வெக்கையிலும் குளிர்ந்து கிடக்கும் தரை. அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வீட்டில் வாழ்ந்த பெண்களின் உழைப்பையும் அடைப்பையும் அறிந்த பிறகு அதை எப்படி வியப்பது? வியக்கலாமா, கூடாதா? பெண்ணியம் படிக்கும் எவரும் ஒரு நாள் எதிர்கொள்ள வேண்டிய அறக்கேள்வி இது.

முதலில் ‘பாதுகாத்தல்’ என்ற சொல்லைப் பார்ப்போம். ஒரு வீட்டைப் பாதுகாத்தவர்கள் யார் என்று கேட்டால் அறக்கட்டளை, கட்டடக் கலைஞர், தச்சர், கொத்தனார் என்று பதில் வரும். அது சரிதான். ஆனால் மண் தரை ஒரு முறை போட்டால் நிற்கிற பொருளன்று. சாணம் கரைத்து மெழுகிக்கொண்டே இருந்தால்தான் அது தரை, விட்டுவிட்டால் வெறும் புழுதி. அடுப்புக்கு மண் பூச வேண்டும். பரணில் எலியும் கதவில் கரையானும் ஏறாமல் பார்க்க வேண்டும். பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்காவிட்டால் களிம்பேறும். அருங்காட்சியகம் கைக்கொள்வதற்கு முன்பே அந்த வீடு நூறு ஆண்டுகளாகத் தினமும் பாதுகாக்கப்பட்டுத்தான் வந்திருக்கிறது. அதைச் செய்தவர்கள் வீட்டுப் பெண்களும், வசதியான வீடுகளில் வாசலோடும் கொல்லையோடும் நிறுத்தப்பட்ட வேலைக்காரப் பெண்களும். ஒரு முறை செய்யும் வேலைக்குப் பாதுகாப்பு என்று பெயர். தினமும் செய்வதற்கு வீட்டு வேலை என்று பெயர். முன்னதற்குப் பலகை வைக்கிறோம்.

தினசரி வேலைக்குத் தடயம் மிஞ்சாது என்பது இதில் உள்ள சிக்கல். தச்சரின் உளி பட்ட இடம் தெரியும். மெழுகிய கை தெரியாது, அடுத்த நாள் மெழுகல் அதை மூடிவிடும். நெசவாளர் வீட்டில் தறியைப் பார்க்கிறோம். தார் சுற்றியதும் நூலைப் பாவுக்கு ஆயத்தம் செய்ததும் பெண்கள். அது ‘கூடமாட உதவி’ என்றே சொல்லப்பட்டது. குயவர் வீட்டில் சக்கரத்தைப் பார்க்கிறோம். மண்ணை மிதித்துக் குழைத்துக் கொடுத்த பெண் அந்தச் சக்கரத்தைத் தொடக் கூடாது என்ற வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் இருந்தது. கருவி எவர் கையில் இருந்ததோ அவர் பெயராலேயே அந்த வீடு அழைக்கப்படுகிறது.

அடுத்தது, வீடு யாருடையது என்ற கேள்வி. செட்டிநாட்டு வீட்டில் முகப்பும் திண்ணையும் ஆண்களின் இடம். வளவைச் சுற்றிய அறைகள், மணமான மகன்கள் ஒவ்வொருவருக்குமானவை. நகரத்தார் வழக்கில் மணமான ஆண் ஒரு ‘புள்ளி’. கோயில் வரி முதல் ஊர்க் கணக்கு வரை புள்ளியை வைத்துத்தான் எண்ணினார்கள். ஆண்கள் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் ஆண்டுக்கணக்கில் வட்டித்தொழில் செய்தபோது அந்தப் பெரிய வீடுகளை நடத்தியவர்கள் ஆச்சிமார்கள். வரவு செலவு, விருந்து, சீர், திருமணம், சாவு எல்லாம் அவர்கள் கையில். அந்த அதிகாரம் பொய்யன்று. ஆனால் வீட்டை ஆள்வதும் வீட்டை உடையவளாக இருப்பதும் வேறு வேறு. மகளுக்குச் சீர் போனது, அறை போகவில்லை.

புதுப்பள்ளி வீட்டின் கதை இன்னும் தெளிவானது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டப்பட்ட அழகிய மர வீடு அது. அந்தப் பகுதி அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். 1916இல் அங்கே வந்த கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சொத்தில் மகளுக்கு மகன் பங்கில் கால் பகுதி அல்லது 5000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது என்றது. சட்டத்தை எழுதியவர்கள் கடைசியில் ‘எது குறைவோ’ என்று சேர்க்க மறக்கவில்லை. கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய், தன் தந்தையின் ஊட்டி வீட்டிலிருந்து வெளியேற்றப்படும் நிலைக்கு ஆளானவர். அவர் தொடுத்த வழக்கில், இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் சம பங்கு உண்டு என்று 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு வீட்டு வாசலில் தொடங்கிய வழக்கு, ஒரு சமூகத்துப் பெண்கள் அனைவரின் வாரிசுரிமையையும் மாற்றியது. இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு அந்த மர வீட்டுக்குள் நுழைபவருக்கு நெற்களஞ்சியம் முன்பிருந்த மாதிரி தெரியாது. உள்ளே இருந்த நெல்லில் யாருக்குப் பங்கு என்று மனம் கேட்கும்.

இங்கே ஒரு மறுப்பு வரும். ‘இன்றைய அளவுகோலை அன்றைய வாழ்வின் மேல் வைக்காதீர்கள். அந்தப் பெண்கள் நிறைவாகத்தான் வாழ்ந்தார்கள்.’ இதைப் பொறுப்போடு எதிர்கொள்ள வேண்டும், ஏனெனில் கடந்த காலத்தைக் கண்டிப்பது எளிது, செலவில்லாதது. ஆனால் இந்த அளவுகோல் இன்றையது என்பதே தவறு. பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தரும் சட்டம் வர 1989 ஆனது. அதிலும் சட்டம் நடைமுறைக்கு வரும் முன்பே மணமானவர்கள் விலக்கப்பட்டார்கள். இடையில் கழிந்தது 60 ஆண்டுகள். பால்ய விதவையான சகோதரி சுப்புலட்சுமி, தன்னைப் போன்ற இளம் பிராமண விதவைகளை அக்ரகார வீடுகளின் பின்கட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு அழைத்துவந்து, சென்னை ஐஸ் ஹவுஸில் தங்கவைத்துப் படிக்கவைத்தார். அந்தப் பின்கட்டு எப்படிப்பட்டது என்று அவருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘அந்தக் காலம்’ ஒரே குரலில் பேசவில்லை. நிறைவு என்று இன்று நாம் கேட்பது, பேச விடப்பட்டவர்களின் குரல்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அந்த வீடுகளைச் சிறை என்று மட்டும் வருணித்தால், அந்தப் பெண்களை இன்னொரு முறை அழிக்கிறோம். முற்றத்தில் அப்பளம் இட்டவர்களுக்கு அங்கே சிரிப்பும் வம்பும் கணக்கும் இருந்தன. புள்ளி பிசகாமல் வாசலை நிறைக்கும் கோலம் அடிமைத்தனத்தின் அடையாளம் மட்டுமன்று, கணித அறிவும் கைத்திறனும்கூட. குறுகிய இடத்துக்குள் அவர்கள் ஆக்கிக்கொண்டதை மதிப்பது ஒன்று. அந்தக் குறுகலைப் பண்பாடு என்று கொண்டாடுவது வேறொன்று.

அருங்காட்சியகத்துக்கு வர முடியாத வீடுகளும் இருக்கின்றன. எந்த வீடு நூறாண்டு நிற்கும்? தேக்கும் கருங்கல்லும் சுண்ணாம்பும் வாங்க முடிந்தவர்களின் வீடு. சேரிக் குடிசையின் கீற்றை அடிக்கடி மாற்றியாக வேண்டும். அதைப் பிரித்தெடுத்து வர ஒன்றும் மிஞ்சாது. 1968 டிசம்பர் 25 இரவில், கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்த நிலத்தில் நடவு நட்டவர்கள், களை பறித்தவர்கள் அவர்களைப் போன்ற பெண்களே. தஞ்சைப் பக்கத்துப் பண்ணை வீடுகளின் தூண்களைத் தடவிப் பார்க்கும்போது, அந்த நெல்லை விளைவித்தவர்களின் வீடு எங்கே என்று கேட்காமல் இருப்பது வெறும் மறதியன்று. மிஞ்சியிருப்பதுதான் வரலாறு என்று ஒப்புக்கொள்வது அது.

வேறு விதமாகவும் செய்ய முடியும். ஸ்வீடனில் ‘ஸ்டாட்டரே’ என்ற பண்ணைக் கூலிகள் இருந்தார்கள். கூலியின் பெரும்பகுதி தானியமாகவும் பாலாகவும் கிடைக்கும். ஒப்பந்தம் கணவனோடு, ஆனால் பண்ணை மாடுகளைக் கறக்கும் கடமை மனைவிக்கு. விடிவதற்கு முன்பே கறவை, ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. அந்தக் கடமையை ‘வெள்ளைச் சாட்டை’ என்று அழைத்தார்கள். அந்த முறை 1945இல் ஒழிந்தது. அவர்களது குடியிருப்புகளும் அங்கே காக்கப்பட்டிருக்கின்றன. மாளிகையைக் காத்த நாடு கூலியின் அறையையும் காத்தது. அதன் அழகுக்காக அன்று, அங்கே நடந்ததற்காக.

ஆகவே வியக்கலாம், ஆனால் வியப்பவருக்குக் கடமை உண்டு. ஒரு பொருளின் அழகு பிறர் உழைப்பால் வந்தது என்றால், அந்த உழைப்பைத் தெரிந்துகொள்வது அழகைக் கெடுப்பதாகாது. அதை முழுதாகப் பார்ப்பதாகும். நம் ஊர் அருங்காட்சியகங்களின் பலகைகளில் கட்டிய ஆண்டும் மரத்தின் வகையும் இருக்கட்டும். தண்ணீர் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது, யார் சுமந்தது, மாதவிலக்கின் மூன்று நாள் எங்கே படுத்தார்கள், எந்தப் படியைத் தாண்ட யாருக்கு அனுமதி இல்லை, பத்திரம் யார் பெயரில் இருந்தது என்பவையும் சேரட்டும்.

பலகைகள் மாறும்வரை மாணவிகள் இதைத் தாங்களே தொடங்கலாம். பாட்டியிடமோ பெரியம்மாவிடமோ, அவர் பிறந்த வீட்டின் படத்தை ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்திலிருந்து வரையத் தொடங்குகிறார் என்று கவனியுங்கள். எந்த அறையைக் காட்டும்போது குரல் மாறுகிறது என்று கேளுங்கள். பிறகு, அந்த வீட்டில் அவருக்குப் பங்கு கிடைத்ததா என்றும், கிடைக்காவிட்டால் யார் கேட்டு எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் என்றும் விசாரித்து, படத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.