யாரும் இல்லாத சிக்னல்

பெர்லினுக்குக் குடிவந்த முதல் வாரம். ராத்திரி பதினோரு மணி. சாலையில் ஒரு வண்டி இல்லை. சிக்னலில் சிவப்பு மனிதன் இரண்டு கையையும் விரித்து நிற்கிறான். தொப்பி போட்ட குண்டு மனிதன். 1961-ல் கிழக்கு ஜெர்மனியில் கார்ல் பெக்லாவ் என்ற போக்குவரத்து உளவியலாளர் வரைந்தது. 1990-ல் அந்த நாடே காணாமல் போனது. இவன் மட்டும் பிழைத்துக்கொண்டான்.

நான் அண்ணா சாலையைக் கடந்து வளர்ந்தவன். சாவகாசமாகக் கடந்தேன். பின்னாலிருந்து ஒரு அதட்டல்! திரும்பினால், ஒரு பாட்டி இன்னும் அந்தப் பக்கமே நின்றுகொண்டிருக்கிறார். சொன்னது ஒன்றும் புரியவில்லை. திட்டுகிறார் என்பது மட்டும் புரிந்தது. அதற்கு மொழி வேண்டுமா என்ன?

இத்தனைக்கும் அபராதம் வெறும் 5 யூரோதான். சில சிக்னல்களில், 'பச்சையில் மட்டும் கடக்கவும், குழந்தைகளுக்கு முன்மாதிரியாக' என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

ஆறே மாதம். பனி கொட்டும் நள்ளிரவில், ஆளில்லாத சாலையில், நானும் பச்சைக்காகத் தனியாக நின்றேன். 'பரவாயில்லையே, மனுஷனாயிட்டோம்' என்று உள்ளுக்குள் ஒரு பெருமை.

லீவில் சென்னைக்குப் போன மூன்றாவது நாள், பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே புகுந்து ஓடிக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் அந்த ஒழுக்கம் யாருடையது? என்னுடையதா, ஊருடையதா?

இமானுவேல் கான்ட் 1785-ல் எழுதிய நூலில் ஒரு கடைக்காரர் வருகிறார். விவரம் தெரியாத குழந்தை வந்தாலும் அதே விலைதான் சொல்வார். ஆனால் நேர்மைக்காகவா, கடைக்கு நல்ல பெயர் வேண்டும் என்பதற்காகவா? இரண்டும் வெளியே ஒரே மாதிரிதான் இருக்கும், உள்ளே வேறு என்கிறார் கான்ட். நான் எந்தக் கடைக்காரன் என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது.

எங்கள் மாடியில் எதிர் வீட்டில் ஒரு பெரியவர். தனி ஆள். படியில் பார்த்தால் ஒரு வணக்கம், அவ்வளவுதான். இரண்டு மூன்று நாளாக அவருடைய தபால் பெட்டி பிதுங்கிக்கொண்டிருந்தது. கதவிடுக்கில் பகலிலும் விளக்கு வெளிச்சம். போனில் அம்மாவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன்.

"போய்த் தட்டிப் பார்க்க வேண்டியதுதானேடா?"

"இங்கெல்லாம் அப்படித் தட்டக் கூடாதும்மா. அவங்க பிரைவஸி."

"விழுந்து கிடந்தாக்கூடவா?"

போனை வைத்துவிட்டு அவர் வாசலில் போய் நின்றேன். அழைப்பு மணி வரை விரல் போனது. அன்று ஞாயிறு. ஜெர்மனியில் ஞாயிறு ஓய்வு நாள் என்பது அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. கடைகள் கிடையாது, சுவரில் ஆணி அடித்தால் சண்டைக்கு வருவார்கள். தொந்தரவு செய்யலாமா? திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் காலை கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் கதவைத் திறந்தார். பெரியவர் குளியலறையில் விழுந்து கிடந்தார். உயிர் இருந்தது. ஆனாலும் அந்த ஒரு ராத்திரி என் கணக்கில்தானே?

ஊரைக் குறை சொல்லலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. ஆபத்தில் தவிப்பவருக்கு முடிந்த உதவியைச் செய்யாமல் போனால் ஒரு வருடம் வரை சிறை என்று சொல்லும் நாடு அது. கதவைத் தட்டாதே என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. 'நாகரிகம் தெரியாதவன்' என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம்தான். சிக்னலில் என்னை நிற்க வைத்ததும் அதே பயம்தான். புது ஊரின் நல்லதைக் கற்றுக்கொண்டதாக நினைத்தேன். கற்றுக்கொண்டது, அடுத்தவர் கண்ணுக்கு நல்லவனாக இருப்பதை. அந்த அவசரத்தில், அம்மா வீட்டில் கேட்காமலே வந்திருந்த ஒன்றைத் தொலைத்துவிட்டேன்.

பெரியவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு சனிக்கிழமை மணியடித்தேன். கதவைத் திறந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏதாவது வேலையா?"

'சும்மாதான்' என்பதை எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொல்ல வரவில்லை. தடுமாறினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டார். இப்போது சனிக்கிழமைதோறும் போகிறேன்.

சென்னை சிக்னலில் தனியாக நிற்கத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.