கண்டோம் என்று கூறலாமா?

இரும்பு ஆக்சைடின் நுண்துகளொன்றில் காந்தம் எத்திசை நோக்கியுள்ளது? கண்ணுக்கு எட்டாத அதனை எக்ஸ் கதிர்களால் படம்பிடிக்கின்றனர் அறிவியலார். வலஞ்சுழி, இடஞ்சுழி எனும் இருவகைக் கதிர்களைக் காந்தமுற்ற இரும்பு ஒரே அளவில் உட்கொள்வதில்லை என்பதை 1987இல் கிசேலா ஷூட்ஸ் குழுவினர் கண்டறிந்தனர். இருவகைக் கதிர்களாலும் எடுத்த படங்களின் வேறுபாடே காந்தப் படமாகின்றது.

கணித்துப் பெற்ற ஒன்றைக் "கண்டோம்" என்பது முறையா? முறையே என்பேன், எதிரில் நிற்பவர் முகத்தைக் காண்பதும் ஒளியின் வேறுபாட்டால்தான் அன்றோ! "இல்லை" என்று கூறுவதில்தான் நேர்மைக்குச் சோதனை. கதிரின் போக்கிற்குச் செங்குத்தாக நிற்கும் காந்தம் படத்தில் வெறும் சாம்பல் நிறமாகவே தோன்றும். ஆங்குக் காந்தமே இல்லையென எழுதிவிடுவது எளிது. ஒரே தேர்வால் மாணவரை அளந்துவிடும் நமக்கு இது புதிதன்று. துகளைத் திருப்பி வைத்து மீண்டும் படமெடுத்தால், அதே சாம்பல் பரப்பு வெண்மையாகவோ கருமையாகவோ தெரியும்.