தராசின் இரு தட்டுகள்

 

எளியவன் திருடினால் தண்டித்து, பெரியவன் திருடினால் விட்டுவிட்ட சமுதாயங்கள் அழிந்தன என்று நம் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். தம் அருமை மகளேயானாலும் சட்டம் ஒன்றே என்றும் அருளினார்கள்.

1998 செப்டம்பரில், விலங்கிட்டுக் கண் கட்டப்பட்டிருந்த அன்வார் இப்ராஹிம் அவர்களைக் காவலில் வைத்து அடித்தவர், நாட்டின் போலீஸ் படைத் தலைவர் ரஹீம் நூர். 2000 மார்ச்சில் நீதிமன்றம் அவருக்கு இரண்டு மாதச் சிறையும் 2,000 வெள்ளி அபராதமும் விதித்தது. “இவ்வளவுதானா?” என்றனர் பலர். கேள்வி நியாயமானதே. ஆயினும் அத்துணை பெரிய அதிகாரி கூண்டில் நின்றதும் சிறு காரியமன்று.

போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டுமென 2005-ல் அரச விசாரணைக் கமிஷன் பரிந்துரைத்தது. 2023 ஜூலையில் ஓர் ஆணையம் வந்தது. தானே தண்டிக்கும் அதிகாரம் அதற்கில்லை.

இனி நம் பங்கென்ன? பொய் எடை ஹராம் என்பதை ஜொகூர் வியாபாரிகளாகிய நாம் அறிவோம். மேலதிகாரியைக் கண்டித்துக்கொண்டே, கடை வாசலுக்கு வரும் போலீஸ்காரர் கையில் ‘கோப்பிக் காசு’ திணிப்பதும் பொய் எடைதானே? லஞ்சம் கொடுப்பவனும் வாங்குபவனும் சாபத்தில் பங்காளிகளன்றோ! அஞ்சடியில் ஒருவன் அநியாயமாக அடிபடக் கண்டு கதவைச் சாத்துவது, சாட்சியத்தை மறைப்பதாகும். திருமறை தடுத்த பாவம் அது. நேர்மையான போலீஸ்காரரை ஏசுவதும் நீதியன்று.

தீர்ப்பைப் பேசுவது எளிது; சாட்சி சொல்வதே கடினம். அக்கடினத்தை அல்லாஹ் நமக்கு இலேசாக்குவானாக! ஆமீன்.