கல்யாணம் மண்டபத்துலயா, கோயில்லயா?

ஓம் சரவணபவ!

தை மாசம் எனக்குக் கல்யாணம். ஏசி மண்டபத்துக்காக அப்பா வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கப் போறார்னு தெரிஞ்சதும் தூக்கமே வரல. மறுநாள் திருப்பரங்குன்றம் போனேன்.

நம்ம முருகன் அங்க தெய்வானையோட கல்யாணக் கோலத்துல இருக்கான். பங்குனியில அவன் கல்யாணத்துக்கு மீனாட்சியும் சொக்கநாதரும் மதுரையிலிருந்து கிளம்பி வர்றாங்க. சித்திரையில அம்மா கல்யாணத்துக்கு மகன் மதுரைக்குப் போறான்! (லாஜிக் கேட்காதீங்க மக்களே.) பெத்தவங்க மனசு குளிர்ந்து வந்து நிக்கிற இடம்தானே மணமேடை?

முகூர்த்த நாள்ல கூட்டம் நெரியும், பெரியவங்களுக்குக் கஷ்டம்தான். வயசுச் சான்றோட முன்னாடியே பதிவு பண்ணணும்.

"தாலி குன்றத்துல, சாப்பாடு பக்கத்துல சின்ன மண்டபத்துலப்பா"ன்னேன். அப்பா ஒண்ணும் பேசல. பத்திரத்தை எடுத்துத் திரும்ப பீரோவுல வச்சார்.

அரோகரா!