மாதம் பத்து வெள்ளி

குளுவாங்கில் பாட்டியின் தகரப் பெட்டியில் ஒரு பழைய ரசீது இருந்தது. தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பத்து வெள்ளி கட்டியதற்கானது. "சம்பந்தன் ஐயா கேட்டாரு, குடுத்தோம்" என்பார் பாட்டி. பிறகு அந்தப் பணத்தை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டால், "அதெல்லாம் ஆபீசுல பாத்துக்குவாங்க." தொடங்கியவருக்கு ஐயா பட்டம். நடத்தியவர்களுக்குப் பெயர்கூட இல்லை.

1950களில் வெள்ளைக்காரர்கள் விற்றுவிட்டுப் போன தோட்டங்களை வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். பால்மரம் வெட்டியவர்களுக்கு வேலையும் லயத்து வீடும் சேர்ந்தே போயின. நாமே தோட்டம் வாங்கினால் என்ன என்று கேட்டு, 1960இல் சங்கத்தைத் தொடங்கினார் வீ.தி. சம்பந்தன். அமைச்சராக இருந்துகொண்டே தோட்டம் தோட்டமாகப் போய்ப் பங்கு சேர்த்தார். மாதம் பத்து வெள்ளி என்பது அன்றைய கூலிக்குச் சின்னத் தொகை இல்லை. முதலில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது.

அது பெரிய காரியம்தான். ஆனால் தோட்டத்தை வாங்குவது ஒரு நாள் வேலை. ரப்பர் மரம் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். வெட்டிவிட்டு மறுநடவு செய்தால் ஐந்தாறு வருடத்துக்குப் பால் கிடையாது. அந்த வருடங்களில் லாபத்தைப் பங்குதாரருக்குக் கொடுப்பதா, கன்றுக்குப் போடுவதா? தொடங்கியவர் எதிரில் நிற்பவரிடம் "தோட்டம் உனக்கு" என்று சொல்லிவிடலாம். நடத்துபவரோ இன்னும் பிறக்காத ஒருவருக்காக, அதே மனிதரிடம் "இந்த வருஷம் ஈவு குறைவு" என்று சொல்ல வேண்டும். இதற்கு யாரும் மாலை போடுவதில்லை. 1979இல் சம்பந்தன் மறைந்த பிறகு சங்கத்தை நெடுங்காலம் வழிநடத்திய கே.ஆர். சோமசுந்தரம் இத்தகைய கணக்குகளோடுதான் வாழ்ந்திருப்பார்.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு சண்டை. ஜொகூர் பாருவில் நண்பர்களோடு ஒரு வாசகர் வட்டம் தொடங்கினேன். இரண்டு வருடத்தில் அலுத்து ஒரு தம்பியிடம் விட்டேன். அவர் சந்தா வைத்தார், கூட்டத்தை மாதம் ஒன்றாகக் குறைத்தார். எனக்குக் கோபம். "இதுக்காகவா ஆரம்பிச்சேன்?"

"அண்ணே, ஆரம்பிச்சது நீங்கதான். அறை வாடகை நான்ல கட்றேன்."

பதில் சொல்ல முடியவில்லை. என் கனவுக்கு அவர் காவல்காரர் என்று நினைத்திருந்தேன். உண்மையில் நான் கொடுத்த வாக்கை அவர் நிறைவேற்றிக்கொண்டிருந்தார். தொடங்கியவனுக்கு நன்றி பெற உரிமை இருக்கலாம். ஆனால் முடிவெடுக்கும் உரிமை, விளைவைச் சுமப்பவருக்குத்தான்.

நிலுவைச் சந்தாவை அனுப்பிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.